பொட்டு வைத்த டிஸ்க்

பழைய டெஸ்க்டாப்பில் ஹார்டு டிஸ்க்கை எப்படி மாற்றுவது என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. நாலு ஸ்க்ரூ, ரெண்டு கேபிள். மிச்சத்துக்கு வீடியோ இருக்கிறது. அதில் பேசுகிற பையன் என்னைவிடத் தெளிவாகப் பேசுகிறான், பார்க்கவும் லட்சணமாக இருக்கிறான். விருத்தாசலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவிட்டு, போன பொங்கலோடு கடையை மூடியவன் நான். இருந்தும் பழுது பார்க்கிறவர்களுக்கான உங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் நீக்காமல் வைத்திருக்கிறீர்கள். போன வாரம் அதில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "அனுபவத்த எழுதுங்க சார்" என்று கேட்டுவிட்டது. கேட்டது தப்பு. இனி படித்துத்தான் ஆக வேண்டும்.

அனுபவம் என்று எல்லோரும் சொல்வது, தான் செய்த தப்பை வெளியில் சொல்லக் கூச்சம் போன பிறகு அதற்கு வைக்கிற பேர். என் தப்புகளில் பெரியது ஒன்று உண்டு. நாலைந்து வருஷம் முன்பு, செராமிக் யூனிட் ஒன்றில், பட்டப்பகலில், யாரும் என்னை அவசரப்படுத்தாத நேரத்தில் செய்தது. அவசரத்தில் தப்பு வரும் என்று சொல்வார்கள். எனக்கு மட்டும் எப்போதும் சாவகாசமாக இருக்கும்போதுதான் வந்திருக்கிறது.

அந்த யூனிட்டில் ஊறுகாய் ஜாடி செய்வார்கள். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, உங்கள் வீட்டு அடுக்களையிலும் ஒன்று இருக்கும். கேஸ் சூளையில் ஒரு சூடு உணர்வி வைத்து, அதை ஒரு கிழட்டு டெஸ்க்டாப்போடு இணைத்திருந்தார்கள். நிமிஷத்துக்கு ஒரு தடவை சூளைக்குள் எத்தனை டிகிரி என்று அது பதிந்துகொண்டே இருக்கும். காலை எட்டிலிருந்து மறுநாள் காலை எட்டு வரை, நாள் ஒன்றுக்கு ஒரு ஃபைல். அந்தக் கம்ப்யூட்டரை நான் எப்போது திறந்தாலும் உள்ளே அரை டம்ளர் வெள்ளை மண் தூசி எடுப்பேன். மனுஷன் என்றால் எப்போதோ இருமிச் செத்திருப்பான். அதுவோ பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது.

கடைசியில் டிஸ்க் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஆன் செய்தால் பாதியில் நிற்கும், உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வரும். முதலாளி போன் செய்தார். நான் போனபோது அவர் வெள்ளை வேட்டியில் கிளம்பத் தயாராக நின்றார். சேத்தியாத்தோப்பில் கல்யாணம்.

"என்னா இன்ஜினியர் சார், உள்ள இருக்கற குப்பையெல்லாம் எனக்கு வாணாம். புது டிஸ்க்கப் போடுங்க. சீடி மேஜை டிராயர்ல இருக்குது, புரோகிராம ஏத்திட்டுக் கெளம்புங்க. நாளைக்கு லோடு ஏத்தணும்."

நல்ல மனுஷர்தான். கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும், அரை மணியில் டீ வாங்கிக் கொடுப்பார். அவருடைய யூனிட், மச்சினர் யூனிட், மச்சினரின் கூட்டாளி யூனிட் எல்லாவற்றுக்கும் நான்தான் கம்ப்யூட்டர் பார்ப்பேன். அவர் சொன்னபடி செய்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்திருப்பேன்.

அவர் பைக் சத்தம் தெருமுனையில் மறைந்ததும் ஆபீஸ் ரூம் வாசலில் விருத்தாம்பாள் வந்து நின்றார். சூளை பார்க்கிறவர். நாற்பது தாண்டியிருக்கும், மங்கலம்பேட்டைப் பக்கத்துக் கிராமம். மண் பிசைகிற வேலைக்கு வந்து, கண்ணாலேயே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, அந்த வரிசை யூனிட்டுகளில் சூளைக்குப் பொறுப்பான முதல் பொம்பளை என்று பெயர் எடுத்தவர். சாதாரணமாக என்னைப் பார்த்தால் "தூசி புடிக்க வந்துட்டாரு" என்று கேலி செய்வார். அன்று கேலி இல்லை.

"சார், பழசுல இருக்கற சூடு ரெக்கார்டு புதுசுல வருங்களா?"

"முதலாளி வேணாம்னுட்டாரேம்மா."

"அவுருக்கு வாணாம் சார். எனக்கு வேணும்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். மூன்று வாரம் முன்பு சென்னைக்குப் போன ஒரு லோடு ஜாடியில் மயிரிழை விரிசல். வாங்கினவர்கள் ஊறுகாய் போட்ட பிறகுதான் தெரிந்திருக்கிறது, எண்ணெய் கசிந்து அட்டைப்பெட்டியெல்லாம் நாசம். மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளி ஷெட்டில் அத்தனை பேர் எதிரில், "சூட்டக் கடகடன்னு ஏத்திட்டு வூட்டுக்கு ஓடிட்டா" என்று கத்தியிருக்கிறார். ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

"நான் ஏத்துனது சரியா ஏத்துனன் சார். அந்த நாளு ஃபைலு அதுக்குள்ளதான் இருக்குது. எடுத்துக் காட்டலாம்னு பாத்தா அதுக்குள்ள மிஷினு படுத்துக்கிச்சி." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "வேல போனாக்கூடப் பரவால்ல சார். இந்தப் பேரோட போனா, இந்த ஊர்ல வேற எந்த யூனிட்லயும் என்ன சூளைகிட்ட நிக்கவுட மாட்டாங்க. மறுபடியும் மண்ணு மிதிக்கத்தான் போவணும்."

செராமிக் ஊரில் பேச்சு எவ்வளவு வேகமாக நாலு யூனிட் தாண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னது மிகை இல்லை. சரி, பழைய டிஸ்க்கை முழுசாகப் புதியதில் நகல் எடுத்துவிடலாம், முதலாளிக்கும் வேலை முடியும், இந்த அம்மாவுக்கும் ஃபைல் கிடைக்கும் என்று முடிவு செய்தேன். முடிவு நல்ல முடிவுதான்.

இனி என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கே புது டிஸ்க் போட்டாலும், போடுவதற்கு முன் அந்த இடத்துக்காரர் கையாலேயே ஒரு குங்குமப் பொட்டு வைக்கச் சொல்வேன். மங்கலம்பேட்டை பாய் கடைகளில் பொட்டு கிடையாது, பாய் பேனாவால் ஒரு டிக் போடுவார். மிஷன் ஸ்கூலில் சிஸ்டர் பென்சிலால் ஒரு சிலுவைக் குறி. அவர்களுக்கும் மனநிறைவு, எனக்கும் வசதி. எப்படி என்றால், பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இரண்டு டிஸ்க்கில் எது புதுசு என்று லேபிளைப் படிக்காமலே தெரியும். பொட்டு இருந்தால் புதுசு, அதில் எழுத வேண்டும். பொட்டு இல்லையென்றால் பழசு, அதிலிருந்து எடுக்க வேண்டும். எத்தனையோ வருஷம் என்னை இந்தப் பொட்டு காப்பாற்றியது. அதனால்தான் நான் லேபிள் படிப்பதையே விட்டுவிட்டேன்.

அன்று நான் கொண்டு போன டிஸ்க், பழைய கம்ப்யூட்டருக்குப் பொருந்த வேண்டும் என்று தேடிப் பிடித்த, பிரிக்காத பழைய ஸ்டாக். கழற்றின டிஸ்க்கும் அதே கம்பெனி, அதே அளவு, அதே பச்சை லேபிள். பழையதைத் தூசி தட்டித் துடைத்ததும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் கை முழங்கை வரை வெள்ளை மண்.

"அம்மா, ஒரு பொட்டு வச்சிடுங்க. கைய கழுவிட்டு வந்துர்றேன்."

குழாயடியில் கை கழுவினேன். முகம் கழுவினேன். அங்கே ஜாடிக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தவரிடம் அவர் பையன் கல்லூரியைப் பற்றி விசாரித்தேன். சாவகாசம் என்று சொன்னேனே, அதுதான். திரும்பி வந்தால் இரண்டில் ஒன்றுக்கு நடு லேபிளில் அழகாக, வட்டமாக, சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம். விருத்தாம்பாள் சூளைப் பக்கம் போய்விட்டிருந்தார்.

அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு நகல் பெட்டி இருந்தது. ரொட்டி சுடுகிற டோஸ்டர் மாதிரி மேலே இரண்டு பள்ளம். முதல் பள்ளத்தில் எடுக்க வேண்டிய டிஸ்க், இரண்டாவதில் எழுத வேண்டிய டிஸ்க். பட்டனை மூன்று விநாடி அமுக்கினால் அது பாட்டுக்கு வேலை செய்யும். கம்ப்யூட்டரே தேவையில்லை. அதை வாங்கிய புதிதில் நான் காட்டிய பந்தா கொஞ்சம் நஞ்சமில்லை. பொட்டு இல்லாததை ஒன்றில் செருகினேன், பொட்டு வைத்ததை இரண்டில் செருகினேன், பட்டனை அமுக்கினேன். விளக்கு மினுக்கியது. டீ சொல்லலாமா என்று யோசித்தேன்.

அப்போது கேட்டது. 'டிக்.' கொஞ்சம் விட்டு மறுபடி 'டிக்.'

இரண்டாவது பள்ளத்திலிருந்து.

சாகக் கிடக்கிற டிஸ்க்தான் டிக் என்று சொல்லும். புதுசு சொல்லாது. அதாவது, காலி டிஸ்க்கிலிருந்து ஒன்றுமில்லாததை எடுத்து, அந்த அம்மாவின் பிழைப்பு இருக்கிற டிஸ்க்கின் மேல் நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் பிளக்போர்டும் கையோடு வந்துவிட்டது. பட்டனை அமுக்கி ஒரு நிமிஷம் ஆகியிருக்கலாம். கொஞ்சம் கூடவும் ஆகியிருக்கலாம்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அந்த நேரத்தில் உங்கள் கை என்ன கேட்கும் தெரியுமா? மறுபடி செருகிப் பார், எவ்வளவு போயிருக்கிறது என்று பார், ஏதாவது ஒரு மென்பொருளை ஓட விடு என்று கேட்கும். கேட்காதீர்கள். பயந்த கை செய்கிற இரண்டாவது வேலைதான் முதல் தப்பைவிடப் பெரிய சேதம். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். நிஜமாகவே உட்கார்ந்தேன். ஸ்கூலில் வாத்தியார் அப்படி உட்கார வைத்த பிறகு அதுதான் முதல் தடவை.

பிறகு எழுந்து சூளைப் பக்கம் போனேன். விருத்தாம்பாள் சூளைக்குள் ஜாடி வைக்கிற தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "ஏம்மா, பொட்டு எதுல வச்சீங்க?" என்றேன்.

"பழசுலதான் சார்."

"புதுசுக்குத்தானேம்மா வைப்பாங்க?"

"காலி டப்பாவுக்கு எதுக்கு சார் பொட்டு?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "லோடு ஏத்தி முடிச்சி நெருப்பு வைக்கறதுக்கு முன்னாடி சூளைக் கதவுக்குத்தான பொட்டு வைப்போம். உள்ள இருக்கற சாமான் நல்லபடியா வெளிய வரணும்னு. காலிச் சூளைக்கு யாராவது வைப்பாங்களா? என் பொழப்பு பழசுலதான இருக்குது, அதான் அதுக்கு வச்சன். ஏன் சார், தப்புங்களா?"

ஒரு தப்பும் இல்லை. அவர் தொழிலில் அதுதான் சரி. எதற்கு வைக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. என் பழக்கம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. டிஸ்க் லேபிளில் இருக்கும் சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்தைப் பேப்பரில் எழுதி, பக்கத்தில் பழசு, புதுசு என்று போட்டுக்கொள்ள எத்தனை நேரம் ஆகும்? அன்றிலிருந்து எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, வாய்விட்டுப் படித்து, எழுதுகிறேன்.

"தப்பில்லம்மா. டிஸ்க் பழசு, மெதுவாத்தான் வருது. சாயங்காலம் ஆயிடும்" என்று சொன்னேன்.

அது பொய். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெளியே பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்தேன். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். நகல் பெட்டியைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு லேப்டாப்பை எடுத்தேன். முதலில் பழைய டிஸ்க்கை, இருக்கிற நிலைமையிலேயே, அப்படியே புதியதில் பிரதி எடுப்பது. இந்த முறை சரியான திசையில். அதன் பிறகு பிரதியில் மட்டும் தேடுவது, பழையதை மறுபடி தொடுவதே இல்லை. எப்படிச் செய்வது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் அந்த லட்சணமான பையனைப் பார்த்துக்கொள்ளவும். நான் சொல்ல வருவது அந்த நாலு மணி நேரத்தைப் பற்றி.

விருத்தாம்பாள் ஐந்து தடவை வந்தார். ஒரு தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்க. ஒரு தடவை மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்க. ஒரு தடவை தன் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சம்பழச் சாதத்தை ஒரு மூடியில் வைத்துக் கொடுக்க. ஒவ்வொரு தடவையும் வாயால் கேட்காமல் கண்ணால் ஸ்க்ரீனைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நான், "வந்துக்கிட்டே இருக்குதும்மா" என்றேன். அந்த எலுமிச்சம்பழச் சாதம் நன்றாக இருந்திருக்கும். எனக்கு ருசி தெரியவில்லை.

சிஸ்டம் இருந்த முன்பகுதி போனது போனதுதான். அதற்கு சீடி இருந்தது, கவலை இல்லை. ரெக்கார்டு ஃபைல்கள் டிஸ்க்கின் பின்பகுதியில் இருந்தன. நான் ஊற்றிய காலி அதுவரை எட்டியிருக்குமா என்பதுதான் கேள்வி. மூன்றரை மணி வாக்கில் தேடல் முடிந்து, தொலைந்த பகுதி ஒன்று கிடைத்ததாகக் காட்டியது. திறந்தேன். தேதி வாரியாக ஃபைல்கள், வரிசையாக, ஒன்றுகூடக் குறையாமல். நான் சாமி கும்பிடுவதில் கொஞ்சம் சோம்பேறி. அன்று அந்தக் குங்குமப் பொட்டைப் பார்த்து இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டது.

விருத்தாம்பாளைக் கூப்பிடப் போனேன், அதற்குள் பைக் சத்தம். முதலாளி தாம்பூலப் பையோடு உள்ளே வந்தார். வெற்றிலை போட்டு வாயெல்லாம் சிவப்பு, நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"முடிஞ்சிதா சார்?"

"பழைய ரெக்கார்டு எல்லாம் எடுத்துட்டேன் சார்."

"குப்ப வாணாம்னனே" என்று சிரித்துக்கொண்டே வந்து என் தோளுக்கு மேலே குனிந்தார். ஸ்க்ரீனில் அந்த லோடு நாளின் ஃபைலைத்தான் திறந்து வைத்திருந்தேன். சீடியிலிருந்து லேப்டாப்பில் ஏற்றிய புரோகிராம் அதைக் கோடாக வரைந்து காட்டியது. எனக்கு ஜாடி சுடத் தெரியாது. ஆனால் கோடு பார்க்கத் தெரியும். காலையிலிருந்து கோடு பதமாக, ஒரே சரிவில் ஏறியது. சாயங்காலம் உச்சியில் கொஞ்ச நேரம் நேராக நின்றது. இரவு ஒன்பது மணிக்குக் கேஸை நிறுத்தியதும் மெல்ல மெல்ல இறங்கியது. விடிகாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பு, ஐந்நூற்றுச் சொச்சம் டிகிரியில் இருந்தபோது, கிணற்றில் வாளியை விட்டது போலச் செங்குத்தாக விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பழையபடி மெல்ல இறங்கியது.

முதலாளி சிரிப்பதை நிறுத்தினார். அவருக்குச் சூளையும் தெரியும், கோடும் தெரியும். சூடான ஜாடி திடீரென்று குளிர்ந்தால் விரியும் என்பது எனக்கே தெரியும்.

"இது நைட்டெல்லாமா பதியுது?" என்றார்.

"கம்ப்யூட்டர யாரும் நிறுத்தறதில்லையே சார்."

ஒன்பது மணிக்குக் கேஸை மூடிவிட்டு விருத்தாம்பாள் கடைசி பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுவார். காலை எட்டு மணிக்குத்தான் வருவார். நடுவில் சூளைச் சாவி முதலாளியிடம் இருக்கும். அவர் வீடு யூனிட்டுக்குப் பின்னாலேயே. அந்த லோடுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கே சென்னை வேன் வருவதாக இருந்தது. இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. முதலாளி நிமிர்ந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சலாகச் சொன்னார்.

"சார், இந்த ஒரு ஃபைலு மட்டும் வரலன்னு சொல்லிடுங்க. டிஸ்க்கு போச்சின்னா யாரு கேக்கப் போறா?"

ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. டிஸ்க் கெட்டதில் போய்விட்டது என்று சொன்னால், காலையில் நான் செய்த கூத்தும் அதற்குள்ளேயே அமுங்கிவிடும். அவர் தப்பும் போகும், என் தப்பும் போகும். மூன்று யூனிட் வேலையும் கையில் இருக்கும். ஒரே ஒரு டெலீட் பட்டன். அதைச் செய்வதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் அந்த ஊரிலேயே இல்லை, காலையில் ஒத்திகையே பார்த்தாயிற்று.

என்னைத் தடுத்தது நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அந்த ஐந்து தடவை. "வந்துக்கிட்டே இருக்குதும்மா" என்று ஐந்து தடவை சொன்ன வாயால் ஆறாவது தடவை "வரலம்மா" என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் இன்னொன்றும் யோசித்தேன். ஸ்க்ரீனை அந்த அம்மா பக்கம் திருப்பிக் காட்டினால் முதலாளி மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொண்ட மனுஷன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். கத்துவான், சூடு உணர்வி சரியில்லை என்பான், கம்ப்யூட்டர் பொய் சொல்கிறது என்பான். வேலையில் வைத்துக்கொண்டாலும் தினம் ஒரு குத்தம் சொல்வான். அவராகச் சொன்னால்தான் உண்டு. அவரை எப்படிச் சொல்ல வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தப்பைச் சொல்வது ஒன்றுதான்.

எழுந்து கதவைத் திறந்து விருத்தாம்பாளைக் கூப்பிட்டேன். முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலோடு நின்றார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றேன். "காலையில நான் டிஸ்க்க மாத்திச் செருகிட்டேன். பழசுல இருக்கறத எடுக்கறதுக்குப் பதிலா அழிச்சிட்டேன். ஒரு நிமிஷம் ஓடிருச்சு. சத்தம் கேட்டதால தெரிஞ்சுது. கேக்கலன்னா மொத்தமும் போயிருக்கும். தப்பு டிஸ்க்கோடது இல்ல. என்னோடது."

விருத்தாம்பாள் என்னையே பார்த்தார்.

"மெதுவா வருதுன்னீங்களே சார்?"

"பொய்ம்மா."

"அஞ்சி வாட்டியுமா?"

"அஞ்சு வாட்டியும்."

"எலுமிச்சம்பழச் சாதம் வேற குடுத்தன்" என்றார். கோபமா, சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு குரல் இறங்கியது. "கெடைச்சுதுங்களா, இல்லீங்களா?"

"எல்லாம் கெடைச்சுது. அந்த நாளும் கெடைச்சுது. முதலாளி பாத்துட்டாரு."

அதோடு நிறுத்திக்கொண்டேன். ஸ்க்ரீனை நான் திருப்பவில்லை. முதலாளி மடியிலிருந்த தாம்பூலப் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நானே திருப்பிக் காட்டியிருப்பேனா? காட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இப்போது ரிட்டையர் ஆகி உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது சுலபம்.

"கதவத் தொறந்தது நான்தான் விருத்தா" என்றார் முதலாளி. அவர் குரல் அவ்வளவு சின்னதாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "வேன் வருதேன்னு, சீக்கிரம் ஆறட்டும்னு. ஒரு சாண்தான் தொறந்தன். ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சன்."

விருத்தாம்பாள் வாசலிலிருந்து நகர்ந்தார். உள்ளே வந்து ஸ்க்ரீனுக்கு முன்னால் நின்று, ஏறுகிற கோட்டின் மேல் விரலை வைத்து ஆரம்பத்திலிருந்து உச்சி வரை மெதுவாக இழுத்துப் பார்த்தார். அது அவர் ஏற்றிய சூடு. பிறகுதான் விழுந்த இடத்தைப் பார்த்தார்.

"அதான் கதவுப் பக்கம் இருந்த ஜாடியா பாத்து விரிஞ்சிருக்குது. பின் வரிசை நல்லாத்தான் இருக்கும். தட்டிப் பாத்தாத் தெரியும்."

"மனசுல வச்சிக்காத. ஒண்ணாந்தேதிக்கு அப்பறமும் நீதான் சூளை பாக்கற."

"அது சரிங்க." அவர் முதலாளியைப் பார்க்கவில்லை, கோட்டையே பார்த்துக்கொண்டு பேசினார். "எங்கிட்டச் சொல்லி என்னாங்க ஆவப்போவுது? அன்னிக்கி ஷெட்ல எல்லாரும் இருக்கசொல்லதான என்னச் சொன்னீங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். வேலை முடிகிற நேரம், எல்லோரும் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்தார், வேட்டியைச் சரிசெய்தார், வெற்றிலைச் சாற்றை வெளியே துப்பிவிட்டு நடந்தார். நான் ஜன்னலுக்குப் போனேன். ஜாடி காயவைக்கிற புளோயர் காற்றாடியின் சத்தத்தில் அவர் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்வது தெரிந்தது. கைப்பிடி ஒட்டுகிறவர் குழாயை மூடினார்.

விருத்தாம்பாள் ஜன்னல் பக்கம் வரவில்லை. ஸ்க்ரீன் முன்னால் அசையாமல் நின்றிருந்தார்.

"சொல்றாருங்களா சார்?"

"சொல்றாரும்மா."

"எல்லாரும் கேக்கறாங்களா?"

"எல்லாரும் கேக்கறாங்க."

தலையை ஆட்டினார். முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அவர்கள் எல்லோரும் நிற்கிற அந்தக் குழாயடி வழியாகவே, நாளைய லோடைப் பார்க்கப் போனார்.